உள்நாட்டுப் பாதுகாப்பும் பேரிடர் ஆயத்தமும்: செனட்டர் ஜோசப் லீபர்மனின் சட்டமியற்றல் பணி (2001–2012)

ஆய்வுச்சுருக்கம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, பேரிடர் மேலாண்மை முகமையையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அத்துறையை உருவாக்கும் மசோதாவைச் செனட்டில் முதலில் முன்வைத்தவர்களுள் முதன்மையானவர் கனெக்டிகட் மாநிலச் செனட்டர் ஜோசப் லீபர்மன். அதே துறை 2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலின்போது தோல்வியுற்றபோது, அத்தோல்வியை விசாரித்த செனட் குழுவின் இரு தலைமை உறுப்பினர்களுள் ஒருவராகவும் அவரே இருந்தார். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு பிரிவுகளை 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு ஒப்பிட்டு, பாதுகாப்பு என்னும் கருத்தாக்கத்துக்குள் பேரிடர் ஆயத்தம் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உள்நாட்டுப் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, அமெரிக்கச் செனட், கத்ரீனா புயல், ஃபீமா, சட்டமியற்றல் வரலாறு.

முன்னுரை

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பணியை அவர் நிறைவேற்றிய சட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு பார்த்தால் லீபர்மனின் கணக்கு பெரியது. 1989 முதல் 2013 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் செனட்டில் இருந்தார். 2002, 2004, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய நான்கு பெரும் பாதுகாப்புச் சட்டங்களிலும் அவருடைய பங்கு உண்டு. ஆயின் ஒரு சட்டம் நிறைவேறுவது வேறு. அது நெருக்கடி வேளையில் பயன்படுவது வேறு. தாம் கட்டிய அமைப்பின் குறையைத் தாமே விசாரித்துத் தாமே திருத்தும் நிலை சட்டமியற்றுவோருக்கு அரிதாகவே வாய்க்கிறது. லீபர்மனுக்கு அது மூன்றே ஆண்டுகளில் வாய்த்தது. அதனாலேயே அவருடைய பணி, ஒரு தனிமனிதரின் வரலாறு என்பதைத் தாண்டி ஆய்வுக்குரியதாகிறது.

முகமையின் முன்வரலாறு

ஃபீமா எனச் சுருக்கமாக வழங்கப்படும் கூட்டரசு அவசரநிலை மேலாண்மை முகமை 1979இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் ஆணையால் உருவானது. அதற்குமுன் வெள்ளம், நிலநடுக்கம், அணுகுண்டுத் தாக்குதலிலிருந்து குடிமக்களைக் காத்தல் ஆகியவை பல்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடந்தன. எனவே இம்முகமை பிறக்கும்போதே இரு பணிகளைச் சுமந்து பிறந்தது: ஒன்று இயற்கைச் சீற்றத்தை எதிர்கொள்வது, மற்றொன்று போர்க்காலக் குடிமக்கள் பாதுகாப்பு. 1980களில் இரண்டாவது பணியே மேலோங்கியிருந்தது. 1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலின்போது முகமையின் செயலின்மை கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1993இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் லீ விட், மாநில அளவில் அவசரநிலை மேலாண்மையில் அனுபவம் பெற்றவர். எந்த வகைப் பேரிடரானாலும் ஒரே ஆயத்தம் என்னும் கொள்கையை அவர் வலியுறுத்தினார். 1996இல் முகமைத் தலைவருக்கு அமைச்சரவைத் தகுதியும் கிடைத்தது. முகமையின் தலைவர் குடியரசுத் தலைவரிடம் நேரடியாகப் பேசும் நிலை அன்று இருந்தது என்பதைப் பின்வரும் செய்திகளோடு பொருத்திக் காணவேண்டும்.

2001இன் தொடக்கத்திலேயே மாற்றத்துக்கான குரல் எழுந்துவிட்டது. முன்னாள் செனட்டர்கள் கேரி ஹார்ட், வாரன் ரட்மன் ஆகியோர் தலைமையிலான தேசியப் பாதுகாப்பு ஆணையம், உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனத் தனி முகமை ஒன்றை உருவாக்கப் பரிந்துரைத்தது. அந்தப் புதிய முகமைக்கு அடித்தளமாக ஃபீமாவையே அவ்வாணையம் எண்ணியது என்பது கருதத்தக்கது. அப்பரிந்துரை அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

2001 அக்டோபர் முதல் 2002 நவம்பர் வரை

2001 ஜூனில் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியிலிருந்து விலகியதால் செனட்டின் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு மாறியது. அதன் விளைவாக, அரசு விவகாரங்கள் குழுவின் தலைமை லீபர்மனிடம் வந்தது. அரசுத் துறைகளின் அமைப்பைப் பற்றிய மசோதாக்கள் செல்லும் குழு அது. ஓர் உறுப்பினர் கட்சி மாறியதால் கிடைத்த அந்த நாற்காலியே அடுத்த ஓராண்டின் போக்கைத் தீர்மானித்தது எனலாம்.

தாக்குதலுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், வெள்ளை மாளிகைக்குள் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றை 2001 அக்டோபர் 8ஆம் நாள் ஓர் ஆணையின்வழி அமைத்து, பென்சில்வேனியா ஆளுநராக இருந்த டாம் ரிட்ஜை அதன் பொறுப்பில் அமர்த்தினார். மூன்று நாள் கழித்து லீபர்மனும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆர்லன் ஸ்பெக்டரும் தனித் துறைக்கான மசோதாவைச் செனட்டில் கொண்டுவந்தனர். வெள்ளை மாளிகை அலுவலகத்துக்குச் சட்ட அடிப்படையோ நிதி அதிகாரமோ இல்லை. அதன் தலைவர் நாடாளுமன்றத்துக்கு விடைகூறக் கடமைப்பட்டவரும் அல்லர். லீபர்மனின் வாதத்தின் மையம் இதுவே. கனெக்டிகட் மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக ஆறாண்டுகள் பணியாற்றியவர் அவர். பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அதிகாரமும் இருக்கவேண்டும் என்னும் சட்ட நோக்கு அவருடைய மசோதா முழுவதும் இழையோடுகிறது.

வெள்ளை மாளிகை இம்முயற்சியை எட்டு மாதங்கள் எதிர்த்தது. 2002 மே மாதத்தில் லீபர்மனின் குழு 9க்கு 7 என்னும் வாக்கில் மசோதாவை அனுப்பியபோதும் குழுவின் குடியரசுக் கட்சியினர் எதிர்த்தே வாக்களித்தனர். ஆனால் ஜூன் 6ஆம் நாள் புஷ் தாமே அத்தகைய துறை ஒன்றை அறிவித்தார். இருபத்திரண்டு அமைப்புகளை இணைக்கும் அத்திட்டம் லீபர்மனின் மசோதாவைவிடப் பெரியது. அதன்பின் எழுந்த சிக்கல் பாதுகாப்பைப் பற்றியதன்று; புதிய துறையின் பணியாளர்களுக்குத் தொழிற்சங்க உரிமை தொடருமா என்பதே செனட்டை மாதக்கணக்கில் முடக்கியது. நவம்பர்த் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. நவம்பர் 19இல் செனட் 90க்கு 9 என்னும் வாக்கில் மசோதாவை ஏற்றது. 25ஆம் நாள் அது சட்டமாயிற்று. எதிர்த்து வாக்களித்த ஒன்பதின்மருள் முதியவரான ராபர்ட் பேர்ட், இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு விரைவில் செய்வது தகாது என இடைவிடாமல் வாதிட்டவர். அன்று அவருடைய உரைகள் காலம் கடத்தும் உத்தியாகவே பலரால் பார்க்கப்பட்டன. பணியாளர் உரிமை குறித்த கூச்சலில், பேரிடர் முகமை புதிய துறைக்குள் எவ்வாறு அமரவேண்டும் என்னும் வினா ஏறத்தாழக் காணாமல் போயிற்று.

இரு பிரிவுகள்: 507, 888

2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஃபீமாவைப் பற்றிய பிரிவு 507. கடலோரக் காவல்படையைப் பற்றிய பிரிவு 888. இரண்டும் புதிய துறைக்குள் வந்த பழைய அமைப்புகள். இரண்டுக்கும் பாதுகாப்பு சாராத மரபான பணிகள் இருந்தன. இருந்தும் சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

பிரிவு 888 கடலோரக் காவல்படையின் பணிகளை இரண்டாக வகுத்துப் பட்டியலிடுகிறது. கடலில் தேடுதலும் மீட்டலும், மீன்வளக் காப்பு, கப்பல் பாதுகாப்பு போன்றவை ‘உள்நாட்டுப் பாதுகாப்பு சாராத’ பணிகள் எனப் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. அப்படையைச் சிதைக்காமல் தனி அமைப்பாகவே வைத்திருக்கவேண்டும். அதன் பணிகளையும் ஆற்றலையும் துறைச் செயலாளர் வேறிடத்துக்குத் திருப்பக் கூடாது. அதன் தலைமை அலுவலர் இடையில் வேறெவருக்கும் கீழ்ப்படாமல் செயலாளரிடமே நேரடியாக அறிக்கை தரவேண்டும். இவை சட்டத்தின் கட்டளைகள்.

பிரிவு 507 இத்தகையதன்று. தணிப்பு, திட்டமிடல், மீட்பு, மறுவாழ்வு என ஃபீமாவின் பணிகளை அது விரிவாக எடுத்துரைக்கிறது. எல்லா வகை இடர்களுக்குமான முகமை அது என்பதையும் ஏற்கிறது. ஆனால் அப்பணிகளைப் பிரித்தெடுக்கக் கூடாது என்னும் தடை அதில் இல்லை. மேலும், மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் ஆயத்த மானியம் வழங்கும் அலுவலகம் ஃபீமாவில் சேர்க்கப்படாமல், எல்லை மற்றும் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவில் வைக்கப்பட்டது. துறையின் உட்பிரிவுகளை நாடாளுமன்றத்துக்கு அறிவித்துவிட்டு மாற்றியமைக்கும் அதிகாரத்தைப் பிரிவு 872 செயலாளருக்கு அளித்தது. அந்தக் கதவு ஃபீமாவின் பக்கம் திறந்தே இருந்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? கடலோரக் காவல்படைக்காக வாதாடியவர்கள் அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸும் மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸும். இரண்டும் மீனவர் வாழும் மாநிலங்கள். புயலில் படகு கவிழ்ந்தால் வரவேண்டிய ஹெலிகாப்டர், துறைமுகக் காவலுக்கு அனுப்பப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் அங்கே உண்மையானது. அது செனட்டர்களின் காதுக்கும் எட்டியது. ஃபீமாவுக்கு அப்படி ஒரு நிலையான ஆதரவாளர் கூட்டம் இல்லை. பேரிடர் நேராத ஆண்டில் பேரிடர் முகமையைத் தேடுவோர் யார்? அதன் பயனாளர்கள் இனிமேல்தான் பாதிக்கப்படப் போகிறவர்கள்; அவர்கள் தம் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவதில்லை. ஃபீமா புதிய துறையின் தூண்களுள் ஒன்றாக இருக்கும் என்று லீபர்மன் நம்பினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைத் தடைவிதியாக எழுதி வைக்கவில்லை.

இக்காலத்தின் இன்னொரு செய்தியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2002 ஜூனில் ஃபீமாவின் துணை இயக்குநராக மைக்கேல் பிரவுனின் பெயர் வந்தபோது அதை ஆய்ந்தது லீபர்மன் தலைமை வகித்த குழுவே. அவசரநிலை மேலாண்மையில் பிரவுனுக்கு நீண்ட அனுபவம் இல்லை. அதற்குமுன் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். விசாரணை சுருக்கமாக முடிந்தது. நியமனம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அடுத்த ஆண்டே அவர் முகமையின் தலைவரானார். நாட்டின் பாதுகாப்புக் கட்டமைப்பை முழுமையாக மாற்றி எழுதிக்கொண்டிருந்த குழு, அதற்குள் அமரப்போகும் ஒரு மனிதரின் தகுதியை அவ்வளவு ஆழமாகப் பார்க்கவில்லை.

இடைக்காலம்

2002 நவம்பரிலேயே, லீபர்மனும் ஜான் மெக்கெய்னும் வலியுறுத்திய 9/11 விசாரணை ஆணையத்துக்கான சட்டமும் நிறைவேறியது. 2004 ஜூலையில் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன் பரிந்துரைகளை லீபர்மனும், அப்போது குழுத் தலைவராகியிருந்த காலின்ஸும் சேர்ந்து மசோதாவாக்கினர். தேசிய உளவுத்துறை இயக்குநர் பதவியை உருவாக்கிய அச்சட்டம் டிசம்பர் 17இல் கையெழுத்தானது. வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இவ்விருவரின் கூட்டுப்பணி அதன்பின் எட்டாண்டுகள் தொடர்ந்தது.

அதே ஆணையம் நாடாளுமன்றத்துக்கும் ஒரு பரிந்துரை செய்திருந்தது: புதிய துறையைக் கண்காணிக்கும் பொறுப்பை ஒரே குழுவிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது. 2004 அக்டோபரில் செனட் இதை எடுத்துக்கொண்டது. குழுவின் பெயர் ‘உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் அரசு விவகாரங்கள் குழு’ என மாறியது. ஆனால் கடலோரக் காவல்படையும் போக்குவரத்துப் பாதுகாப்பும் வணிகக் குழுவிடமே இருந்தன. சுங்க வருவாய் நிதிக் குழுவிடமே நின்றது. இருபத்திரண்டு அமைப்புகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த செனட், தன் குழுக்களின் எல்லைக் கற்களை அசைக்கவில்லை. லீபர்மனும் காலின்ஸும் இதை வெளிப்படையாகவே குறை கூறினர்.

புதிய துறையோ நாளுக்குநாள் பயங்கரவாதத்தின் பக்கமே சாய்ந்தது. தேசிய ஆயத்தத் திட்டமிடலுக்கென அரசு வகுத்த பதினைந்து மாதிரிச் சூழல்களுள் பன்னிரண்டு தாக்குதல்களைப் பற்றியவை; பெருந்தொற்று, நிலநடுக்கம், புயல் ஆகிய மூன்றே எஞ்சியவை. 2004 ஜூலையில் லூசியானாவில் நடந்த ‘ஹரிகேன் பாம்’ என்னும் பயிற்சி, நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பெரும்புயல் தாக்கி வெள்ளம் சூழ்வதாகக் கற்பனை செய்து ஐந்து நாள் ஒத்திகை பார்த்தது. அதன் தொடர்ப் பயிலரங்குகள் நிதிக் குறைவால் தள்ளிப்போயின. 2005 ஜூலையில் துறைச் செயலாளர் மைக்கேல் செர்டாஃப், ஆயத்தப் பணிகளை ஃபீமாவிடமிருந்து பிரித்துத் தனிப் பிரிவாக்கப் போவதாக அறிவித்தார். பிரிவு 872இன் கதவு வழியே அவர் சென்றார். ஆறு வாரத்தில் கத்ரீனா வந்தது.

கத்ரீனாவும் விசாரணையும்

2005 ஆகஸ்டு 29 காலை கத்ரீனா கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸின் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீரில் மூழ்கியது. இறந்தோர் எண்ணிக்கை 1,833 என நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. தேசியப் புயல் மையம் 2023இல் இதை 1,392 எனத் திருத்தியது. எக்கணக்கை ஏற்றாலும், ஒரு நகரம் நாட்கணக்கில் கூரைகளின்மீது உதவிக்குக் காத்திருந்த காட்சி மாறுவதில்லை.

இந்நெருக்கடியில் ஒரே துறையின் இரு உறுப்புகள் இரு விதமாக நடந்துகொண்டன. கடலோரக் காவல்படை தன் தளபதிகளின் முடிவின்படி உடனே இறங்கி 33,000க்கும் மேற்பட்டோரை மீட்டது. ஃபீமாவோ ஆணைக்கும் விளக்கத்துக்கும் காத்து நின்றது. ஒரே சட்டம், ஒரே செயலாளர், ஒரே புயல். கடலோரக் காவல்படையின் வெற்றிக்கு அதன் பயிற்சியும் மரபும் கருவிகளும் முதன்மைக் காரணங்கள் என்பதை மறுக்கவியலாது. சட்டப்பிரிவு ஹெலிகாப்டர் ஓட்டுவதில்லை. எனினும் அந்த மரபையும் கருவிகளையும் மூன்றாண்டுக் காலம் எவரும் பிய்த்தெடுக்காமல் வேலியிட்டுக் காத்ததில் பிரிவு 888க்குப் பங்குண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

காலின்ஸ் தலைவராகவும் லீபர்மன் சிறுபான்மைக் கட்சியின் முதன்மை உறுப்பினராகவும் இருந்த குழு, இருபத்திரண்டு பொது விசாரணை அமர்வுகளை நடத்தியது. 325க்கும் மேற்பட்டோரை நேர்கண்டது. 2006 பிப்ரவரியில் பதவி இழந்த நிலையில் சாட்சியளித்த பிரவுன், இயற்கைப் பேரிடர் இத்துறையில் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகிவிட்டது என்னும் பொருள்பட வாதிட்டார். கரையை உடைத்தது பயங்கரவாதிகளின் குண்டாக இருந்திருந்தால் எல்லோரும் துள்ளி எழுந்திருப்பார்கள் என்றும் கூறினார். தம் குறையை மறைக்கக் கூறிய கூற்று என இதை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் பதினைந்தில் பன்னிரண்டு என்னும் கணக்கை நினைவிற்கொண்டால் அதில் உண்மையும் இருப்பது விளங்கும்.

2006 மே மாதத்தில் வெளிவந்த குழுவின் அறிக்கை, நாடு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. முன்னெச்சரிக்கைகள் பொருட்படுத்தப்படவில்லை என்பதையும், நகர, மாநில, கூட்டரசு நிலைகள் மூன்றும் தவறின என்பதையும் அது நிறுவியது. லீபர்மன் தம் தனிக் குறிப்பை இணைத்தார். வெள்ளை மாளிகை ஆவணங்களையும் சாட்சிகளையும் தர மறுத்ததால் விசாரணை குறைபட்டது என்பது அதன் சாரம். ஆனால் 2007 ஜனவரியில் அவரே குழுத் தலைவராகி, ஆவணங்களைக் கோரிப் பெறும் ஆணையதிகாரம் கையில் வந்தபோது அதைப் பயன்படுத்தவில்லை. எதிர்காலத்தை நோக்கவேண்டும் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் தோற்று, சுயேச்சையாக வென்று திரும்பியிருந்தார் அவர். அரசியல் நிலைமை மாறியிருந்தது உண்மையே. ஆயினும், கத்ரீனா நாட்களில் வெள்ளை மாளிகைக்குள் யார் எதை எப்போது அறிந்தார் என்னும் வினாவை அவருடைய குழு மீண்டும் திறக்கவில்லை. அவருடைய பேரிடர்ப் பணியில் விளக்கம் பெறாத இடம் இதுவே.

2006ஆம் ஆண்டுத் திருத்தம்

குழுவின் அறிக்கை ஃபீமாவைக் கலைத்துவிட்டு, அதே துறைக்குள் வலிமையான புதிய அமைப்பு ஒன்றை உருவாக்கப் பரிந்துரைத்தது. ஹிலாரி கிளின்டன் உள்ளிட்ட சிலர் முகமையைத் துறையிலிருந்து முற்றிலும் வெளியேற்றி, மீண்டும் தன்னுரிமையுடைய அமைப்பாக்கவேண்டும் என்றனர். அவருடைய திருத்தம் செனட்டில் தோற்றது. 2006 அக்டோபர் 4ஆம் நாள் கையெழுத்தான கத்ரீனாவுக்குப் பிந்தைய சீர்திருத்தச் சட்டம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஃபீமா என்னும் பெயர் தங்கியது; துறைக்குள்ளேயே தனி அமைப்பாயிற்று.

இச்சட்டத்தின் வாசகங்களைப் பிரிவு 888க்கு அருகில் வைத்துப் படித்தால் உறவு தெளிவாகும். முகமை துறைக்குள் தனித்துவமான அமைப்பாகப் பேணப்படவேண்டும். அதன் பணிகளையும் சொத்துகளையும் செயலாளர் பிரித்தெடுக்கவோ குறைக்கவோ கூடாது. பிரித்துச் சென்ற ஆயத்தப் பணிகளின் பெரும்பகுதி திரும்பவேண்டும். 2002இல் கடலோரக் காவல்படைக்குக் கிடைத்த வேலி, நான்காண்டு தாமதமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபின் பேரிடர் முகமைக்குக் கிடைத்தது. வேலியை முதலில் வாதாடிப் பெற்ற காலின்ஸே இம்முறை அதை எழுதிய குழுவின் தலைவர் என்பது தற்செயல் அன்று.

வேலிக்கு அப்பால் புதியனவும் உண்டு. அவசரநிலை மேலாண்மை குறித்துக் குடியரசுத் தலைவருக்கு முதன்மை ஆலோசகராக ஃபீமா நிர்வாகி விளங்குவார் எனச் சட்டம் கூறியது. இடையிலுள்ள படிகளைத் தாண்டி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரை செய்யும் உரிமையையும் தந்தது. பத்து வட்டார அலுவலகங்கள் வலுப்படுத்தப்பட்டன. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒருங்கிணைப்பாளர் பதவி உருவாயிற்று. ஆளுநரின் கோரிக்கை வரும்வரை காத்திராமல் உதவியை விரைவுபடுத்தவும் வழி செய்யப்பட்டது. கத்ரீனாவின்போது காகிதம் வரவில்லை என்று கைகட்டி நின்ற நிலைக்கு நேர்விடை இது.

எல்லாவற்றினும் கூர்மையானது நிர்வாகியின் தகுதி பற்றிய விதி. அவசரநிலை மேலாண்மையில் மெய்ப்பிக்கப்பட்ட அறிவும் திறனும், ஐந்தாண்டுக்குக் குறையாத நிர்வாகத் தலைமை அனுபவமும் உடையவரே நியமிக்கப்படவேண்டும் என்றது சட்டம். இது வருங்காலத்துக்கான விதியாக எழுதப்பட்டாலும், 2002 ஜூன் மாதத்தின் அந்தச் சுருக்கமான விசாரணைக்குச் செனட் தனக்குத் தானே எழுதிக்கொண்ட திருத்தமாகவும் இதைப் படிக்கலாம். புஷ் சட்டத்தில் கையெழுத்திட்டபோதே இவ்விதி தம் நியமன அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதாக ஓர் அறிக்கையில் குறிப்பிட்டு, அதற்குத் தாம் முழுமையாகக் கட்டுப்படவில்லை என்பதை உணர்த்தினார்.

மானியமும் வானொலியும்

லீபர்மன் மீண்டும் தலைவரானபின் நிறைவேறிய 2007 ஆகஸ்டு 3ஆம் நாள் சட்டம் பாதுகாப்பு மானியங்களைப் பகிரும் முறையை மாற்றியது. அதுவரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் மொத்தத் தொகையில் 0.75 விழுக்காடு உறுதியாகக் கிடைத்தது. மக்கள்தொகையோ இடரின் அளவோ அதை மாற்றாது. புதிய சட்டம் அந்த உறுதித் தொகையை ஏறத்தாழப் பாதியாக்கி, மீதியை இடரின் அளவுக்கேற்பப் பகிர்ந்தது. காலின்ஸின் மெய்ன் சிறிய மாநிலம். லீபர்மனின் கனெக்டிகட் சிறியதாயினும் நியூயார்க்கை ஒட்டியது. இருவரும் ஓர் எண்ணில் உடன்பட்டது எளிதில் நடந்திராது.

தகவல்தொடர்புச் சிக்கலோ இன்னும் நீண்டது. 2001இல் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்போரும் காவலரும் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்க இயலாத வானொலிகளை வைத்திருந்தனர். 2005இல் லூசியானாவிலும் அதே நிலை. இச்சிக்கலுக்கு அத்தாக்குதலும் புயலும் ஒன்றே. எந்த இடராயினும் ஒரே ஆயத்தம் என்னும் கொள்கைக்கு இதைவிட எளிய சான்று கிடையாது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென மானியத் திட்டம் வகுத்தது. அலைக்கற்றையின் ஒரு பகுதியை மீட்புப் பணியாளருக்கே ஒதுக்கவேண்டும் என லீபர்மனும் மெக்கெய்னும் வலியுறுத்தினர். 2012 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் அவ்வாறே ஒதுக்கி, ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்னும் நாடு தழுவிய வலையமைப்புக்கு வழிவகுத்தது. கோபுரங்கள் இடிந்து பத்தாண்டுக்குமேல் கழிந்திருந்தது.

இறுதி ஆண்டில் அவர் பெரிதும் முயன்ற இணையப் பாதுகாப்பு மசோதா ஆகஸ்டிலும் நவம்பரிலும் செனட்டில் தேவையான அறுபது வாக்குகளைப் பெறாமல் வீழ்ந்தது. மின்கட்டமைப்பு, நீர்வழங்கல் போன்றவற்றை நடத்தும் தனியார் நிறுவனங்களுக்குத் தரநிலை வகுப்பதை வணிக அமைப்புகள் எதிர்த்தன. அரசுத் துறைகளை மாற்றியமைப்பதில் வென்ற அவருடைய முறை, அரசுக்கு வெளியே உள்ள சொத்துகளை நெருங்கியபோது நின்றுபோனது.

பதவிக்குப் பின்

2014இல் லீபர்மனும் டாம் ரிட்ஜும் உயிரியல் பாதுகாப்பு குறித்த ஆய்வுக்குழு ஒன்றுக்கு இணைத்தலைவராயினர். 2001 அக்டோபரில் எதிரெதிர் அமைப்பு வடிவங்களின் முகங்களாக நின்றவர்கள் இவர்கள். 2015 அக்டோபரில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, உயிரியல் தாக்குதலையும் இயற்கையாகத் தோன்றும் பெருந்தொற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நாடு ஆயத்தமாக இல்லை என்றது. பல துறைகளில் சிதறிய பொறுப்பைத் துணைக் குடியரசுத் தலைவரிடம் ஒருமுகப்படுத்தப் பரிந்துரைத்தது. ஐந்தாண்டுக்குள் கோவிட் பெருந்தொற்று பரவியது. லீபர்மன் 2024 மார்ச் 27இல் காலமானார்.

2009இல் ஒபாமா ஆட்சி தொடங்கியபோது ஃபீமாவைத் துறையிலிருந்து விடுவிக்கவேண்டும் என்னும் கோரிக்கை மீண்டும் எழுந்தது. லீபர்மனும் காலின்ஸும் அதை எதிர்த்தனர். முகமை துறைக்குள்ளேயே தங்கியது. அவ்வாண்டு நியமிக்கப்பட்ட கிரெய்க் ஃபியூகேட், ஃபுளோரிடாவின் அவசரநிலை மேலாண்மையை நடத்தி வந்தவர். 2006இன் தகுதி விதி எதிர்பார்த்த மனிதர். 2025இலோ, செனட்டின் ஒப்புதல் பெற்ற நிர்வாகியாக அன்றி, பொறுப்பு வகிக்கும் அலுவலராக ஒருவர்பின் ஒருவர் ஃபீமாவை நடத்தினர். செனட்டின் ஒப்புதலுக்குப் பெயர் வந்தால்தான் தகுதி விதி உயிர்பெறும். பெயரே வராதபோது அது ஏட்டில் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் இரு கட்சிகளைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர்கள், ஃபீமாவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து பிரித்து, குடியரசுத் தலைவரிடம் நேரடியாக அறிக்கை தரும் அமைப்பாக்கும் மசோதாவை முன்வைத்தனர்.